பழைய ரோட் பைக் பிரேமுக்கு எட்டு கியர்: டாம் வீதியில் கிடைப்பதை வைத்து ஒரு பொருத்தம்

ஜப்பானில் பாவித்துவிட்டுக் கொழும்புக்கு வந்து இறங்கும் சைக்கிள்களில் பெரும்பாலானவை கூடை வைத்த சிட்டி பைக்குகளும் மவுண்டன் பைக்குகளும்தான். அவற்றுக்கிடையில் எப்போதாவது மெல்லிய இரும்புக் குழாயில் செய்த ரோட் பைக் பிரேம் ஒன்று அகப்படும். எனக்குக் கிடைத்தது அப்படியொன்று. குழாய்கள் சேரும் இடங்களில் லக் வைத்துப் பொருத்திய பிரேம், சீட் குழாயில் குழாய்க் கம்பனியான டாங்கேயின் பாதி உரிந்த ஸ்டிக்கர், கீழ்க்குழாயில் கியர் லீவர் பூட்டுவதற்கான இரண்டு குமிழ்கள், பின்னால் செயினைப் பல்லுக்குப் பல்லு மாற்றும் டிரெயிலியரைத் தொங்கவிடும் காது பிரேமோடு சேர்ந்தே இருந்தது. சில்லுகள் இல்லை. பெடல் பூட்டும் சுகினோ கிராங்க் நல்ல நிலையில் இருந்தது. கிராங்கின் அச்சு சுழலும் பொட்டம் பிராக்கெட் துருப்பிடித்து இறுகிப்போய்க் கிடந்தது. பின் டிரெயிலியரின் ஸ்பிரிங் முறிந்துவிட்டது.

பழைய பிரேமுக்குச் சாமான் வாங்கும்போது எல்லோரும் முதலில் "எத்தனை கியர் போடலாம்" என்றுதான் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைத்தேன். முதலில் வைத்த விதி இதுதான்: தேய்ந்துபோகும் சாமான் எல்லாம் கொழும்பில் சைக்கிள் சாமான் கடைகள் உள்ள டாம் வீதியில் கிடைக்க வேண்டும், வருடக்கணக்கில் உழைக்கும் சாமான் எங்கிருந்து வந்தாலும் பரவாயில்லை. செயின், பின் பல்லுகள் (பல்லுச் சக்கரங்கள்), கியர் வயர், இவை தேயும். கிராங்க், ஹப், லீவர், இவை உழைக்கும். பெட்ரோல் வரிசைகள் நீண்ட 2022-இல் சைக்கிளுக்கு வந்த கிராக்கியும் விலை ஏறிய வேகமும் கொழும்பில் இருந்த எல்லோருக்கும் நினைவிருக்கும். வெளிநாட்டிலிருந்து பார்சல் வந்தால்தான் ஓடும் என்ற நிலையில் ஒரு சைக்கிளை வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை. அதே நேரம், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் மச்சாளின் பெட்டியில் ஒரு சோடி லீவருக்கு இடம் கேட்பது ஒன்றும் பெரிய காரியமில்லை.

சரி, அளவுகளுக்கு வருவோம். ஒரு வேர்னியர் அளவுகோல் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. எடுக்க வேண்டிய முக்கியமான அளவு, பின் சில்லு உட்காரும் இரண்டு காதுகளுக்கும் இடையிலுள்ள உள் அகலம். பழைய ஐந்து கியர் பிரேம்களில் 120 மி.மீ., ஆறு ஏழு கியர்க் காலத்தில் 126, எட்டு கியரிலிருந்து ரோட் பைக்குகளில் 130, மவுண்டன் பைக்குகளில் 135. என்னுடையது 126. அடுத்தது பொட்டம் பிராக்கெட் குழலின் அகலம்: 68 மி.மீ. இது பிஎஸ்ஏ எனப்படும் ஆங்கிலேயப் புரியாக இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல அறிகுறி, ஆனால் அகலத்தை மட்டும் நம்பக் கூடாது. பிரெஞ்சு பிரேம்களும் 68-தான். இத்தாலியப் பிரேம் என்றால் 70. நம் ஊரில் வீட்டுக்கு வீடு நின்ற பழைய ரலி சைக்கிள்களில் இன்னொரு சிக்கல் உண்டு. நொட்டிங்ஹாமில் செய்த பல ரலிகளுக்கு அந்தக் கம்பனி தனக்கென்று ஒரு புரி வைத்திருந்தது, அங்குலத்துக்கு 24-க்குப் பதில் 26. குழல் அகலமும் 71 அல்லது 76 என்று வரும். கடையில் வாங்கும் சாதாரண கார்ட்ரிஜ் (அச்சும் பேரிங்கும் ஒன்றாக மூடிய பொட்டம் பிராக்கெட்) அதில் ஏறாது, பலவந்தமாகத் திருகினால் குழலின் புரிதான் போய்விடும். புரியே தேவைப்படாமல் உள்ளே விரிந்து பிடிக்கும் வகைதான் அதற்கு வழி.

பொட்டம் பிராக்கெட்டின் குண்டுகளைத் தாங்கும் வலப்பக்கக் கப் எந்தத் திசையில் கழல்கிறது என்பது நல்ல சாட்சி. ஆங்கிலேயப் புரியில் வலப்பக்கம் இடம்புரி, அதாவது கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இத்தாலிய, பிரெஞ்சுப் புரிகளில் இரண்டு பக்கமும் வழமையான வலம்புரி. இது தெரியாமல் ஸ்பனரைத் தவறான பக்கம் இழுத்து இறுக்கிவிட்டுப் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் அதிகம்.

என் கப் சாதாரண ஸ்பனருக்கு மசியவில்லை, அதில் பிடிக்கக் கிடைத்த தட்டையான விளிம்பும் மிக மெல்லியது. வெள்ளவத்தைக் கடற்காற்றில் நின்ற எந்தச் சைக்கிளையும் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இதற்கு ஒரு நல்ல உத்தி உண்டு. இடப்பக்கக் கப்பையும் அச்சையும் குண்டுகளையும் முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். அப்புறம் வலக் கப்பின் துளைக்குள் போகிற அளவுக்குத் தடித்த போல்ட் ஒன்றை எடுத்து, தலை வெளியே இருக்கும்படி செருகி, உள்ளும் புறமும் கனமான வாஷர் போட்டு, உட்பக்கம் நட் மாட்டி முடிந்தவரை இறுக்குவது. இப்போது போல்ட்டின் தலையை நீளமான கைப்பிடியால் கடிகாரத் திசையில் திருப்பினால் போல்ட் இன்னும் இறுகும். இறுக இறுகக் கப்பை அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு கட்டத்தில் போல்ட்டுக்கு மேற்கொண்டு இறுக இடமில்லாமல் கப்பே சேர்ந்து சுற்றத் தொடங்கும். கழற்றும் திசையும் இறுக்கும் திசையும் ஒன்றாக இருப்பதால்தான் இது வேலை செய்கிறது, ஆகவே ஆங்கிலேயப் புரிக்கு மட்டும் பொருந்தும். துருநீக்கி எண்ணெயை முதல்நாள் இரவே குழலுக்குள் விட்டு வைத்திருந்தேன். டக் என்று ஒரு சத்தம், அதன் பிறகு கையாலேயே கழன்று வந்தது. உள்ளே புரி சுத்தமாக இருந்தது. கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைத்து கிறீஸ் பூசி வைத்தேன்.

இனிப் பின்பக்கம். இந்த வேலையில் பெரிய முடிவு அங்கேதான்.

126 மி.மீ. பிரேமை அப்படியே வைத்துக்கொண்டால் ஹப்பில் திருகும் ஏழு பல்லுப் பிரீவீல் போடலாம். டாம் வீதியில் எந்தக் கடையில் கேட்டாலும் 14-28 பிரீவீல் எடுத்துத் தருவார்கள். அங்கே எனக்குப் பழக்கமான கடைக்கார அண்ணை பிரேமைக் கண்டதுமே சொன்னார்: "தம்பி, இதுக்கு ஏழே காணும். சும்மா பிரேமை ஏன் விரிக்கிறீர்?" அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எடை குறைந்தவர், தினமும் சிறிய தூரம் ஓடுபவர் என்றால் நானும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் பிரீவீல் ஹப்பின் அமைப்பில் ஒரு பலவீனம் உண்டு. பல்லுத் தொகுதி முழுவதும் ஹப்பின் வெளியே திருகப்படுவதால், வலப்பக்கப் பேரிங் அதற்கு உட்புறத்தில், பிரேமின் காதிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும். இடையில் அச்சைத் தாங்க ஒன்றும் கிடையாது. பல்லுகள் கூடக் கூட அந்தத் தூரமும் கூடும். காலி வீதியின் ஓரத்தில் வடிகான் மூடிகளில் விழுந்து எழும்பி ஓடும் சில்லுக்கு அச்சு வளைவதும் முறிவதும் அப்படித்தான். கசெட் ஹப்பில் பல்லுகள் உட்காரும் உருளை ஹப்பின் பகுதியாகவே இருக்கிறது, பேரிங்கும் அதன் வெளி முனைக்கு வந்துவிடுகிறது. ஜப்பானியக் கம்பனியான ஷிமானோ 1970களின் கடைசியில் இந்த அமைப்பை ரோட் பைக்குகளுக்குக் கொண்டுவந்ததற்கு இதுவும் ஒரு பலன். எனக்கு அச்சு முக்கியம், ஆகவே கசெட்.

கசெட் என்று முடிவானதும் எட்டா, ஒன்பதா, பத்தா என்ற கேள்வி. பல்லுக்குப் பல்லு இடைவெளியைப் பாருங்கள்: ஏழில் 5.0 மி.மீ., எட்டில் 4.8, ஒன்பதில் 4.35, பத்தில் 3.95. இடைவெளி குறையக் குறைய டிரெயிலியர் காது துளி வளைந்திருந்தாலும் கியர் தடுமாறும், செயினும் மெலியும். எட்டு வரைக்கும் செயின் ஒன்றுதான், வெளியகலம் ஏறக்குறைய 7.1 மி.மீ. ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் அதே செயின் ஓடும். கேஎம்சி செயின்களில் இந்த வகை இங்கே தாராளமாகக் கிடைக்கிறது. பத்து கியர்ச் செயினும் கசெட்டும் வேண்டுமென்றால் ரேஸ் சைக்கிள் விற்கும் விலை கூடிய கடைகளுக்குப் போக வேண்டும். இன்னொரு வசதியும் உண்டு. எட்டு கசெட் ஒருநாள் கிடைக்காமல் போனாலும், அதே ஹப்பில் 4.5 மி.மீ. ஸ்பேசர் வளையம் ஒன்றைப் பின்னால் போட்டு ஏழு கசெட்டை ஏற்றி ஓடலாம். எட்டுதான் சரி.

ஹப்பைத் தேடியபோது ஒன்று புரிந்தது: 130 மி.மீ. ரோட் ஹப் பழைய சாமான்களில் அரிது, 135 மவுண்டன் பைக் ஹப்தான் கைக்கு எட்டுகிறது. பல்லு ஏறும் உருளையின் வரிப்பள்ளங்கள் இரண்டிலும் ஒன்றே. அகலத்தை மட்டும் குறைத்தால் போதும். ஆகவே ஜப்பான் மவுண்டன் பைக் ஒன்றிலிருந்து எட்டு கியர் ஷிமானோ ஹப்பையும், அதே சைக்கிளின் ஷிமானோ ஏசெரா பின் டிரெயிலியரையும் எடுத்தேன். ஹப்பின் இடப்பக்க ஸ்பேசர்களிலிருந்து 5 மி.மீ. குறைத்து, குவிக் ரிலீஸ் அச்சை 146-லிருந்து 141 மி.மீ.க்கு வெட்ட வேண்டும். வெட்டுமுன் அச்சில் ஒரு நட்டைத் திருகி வைத்து, வெட்டி அராவிய பிறகு அந்த நட்டை வெளியே கழற்றினால் முனைப் புரி தானாகச் சீராகிவிடும். இடப்பக்கத்தில் 5 மி.மீ. போனதால் சில்லின் நடு 2.5 மி.மீ. வலப்பக்கம் நகர்கிறது. ரிம்மையும் அந்த அளவுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். எப்படியும் ரோட் பைக் அளவான 700சி ரிம்மில் புதிதாகக் கம்பி கோர்க்கப் போவதால் அது தனி வேலையாகவில்லை. கம்பி கட்டுபவரிடம் இந்த 130 என்ற அளவை மட்டும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

பிரேமை 126-லிருந்து 130-க்கு விரிப்பது பற்றி. இரும்புப் பிரேமுக்கு மட்டுமே இதைச் செய்யலாம். அலுமினியத்திலும் கார்பனிலும் நினைத்தும் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ.தான், கையால் இழுத்துச் சில்லை நுழைத்துவிடலாம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். மழையில் தெருவோரத்தில் பஞ்சர் ஒட்டும்போது அந்த இழுபறி தேவையா? நான் நிரந்தரமாகவே விரித்தேன். பிரேமைக் கிடத்தி, நீளமான கட்டைப் பலகை ஒன்றைச் சீட் குழாயில் துணி சுற்றி முட்டுக்கொடுத்து, ஒரு பக்கத் தண்டை மட்டும் மெல்ல நெம்புவது. இரும்பு மீண்டு வரும், ஆகவே 2 மி.மீ. நகர அதைவிடக் கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கும். கொஞ்சம் தள்ளு, விடு, அள. பிறகு மற்றப் பக்கம். இரண்டு பக்கமும் சமமாக நகர்ந்ததா என்று பார்க்க ஒரு நூல் போதும்: ஒரு காதில் கட்டி, முன்னாலுள்ள ஹெட் குழாயைச் சுற்றி, மற்றக் காதுக்குக் கொண்டுவந்து இறுக்கிப் பிடித்தால், சீட் குழாயிலிருந்து நூலின் தூரம் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். என்னுடையதில் முடிவில் வித்தியாசம் அரை மி.மீ.க்கும் குறைவு. விரித்த பின் காதுகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அவை சரிந்திருந்தால் அச்சில் வீணாகப் பாரம் ஏறும்.

டிரெயிலியர் காதின் நேரைப் பார்க்க விசேஷக் கருவி விற்கிறார்கள். அது இல்லாமலும் முடியும். காதின் புரி 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. இடைவெளியும் கொண்டது. பின் ஹப் அச்சுகளில் மிகப் பெரும்பாலானவற்றிலும் இதே புரிதான். வேறொரு பின் சில்லின் அச்சை அந்தக் காதில் திருகினால், இரண்டு சில்லுகளும் அருகருகே நிற்கும். ரிம்முக்கு ரிம் தூரத்தை மேலே, கீழே, முன்னே, பின்னே அளந்து எல்லாம் ஒன்றாக வரும்வரை அந்தச் சில்லையே பிடித்து மெல்ல வளைக்கலாம். என் காது உட்பக்கம் நன்றாகவே சாய்ந்திருந்தது. நேராக்காமல் கியர் வயரை எவ்வளவு முறுக்கினாலும் பலனில்லை.

எட்டு கியர் லீவரோடு மவுண்டன் பைக் டிரெயிலியர் எப்படி ஓடும் என்று கேட்பவர்களுக்கு: எத்தனை கியர் என்பது டிரெயிலியரில் இல்லை, லீவரில் இருக்கிறது. ஷிமானோவின் எட்டு கியர் லீவர் ஒரு தட்டுக்கு, அதாவது ஒரு கிளிக்குக்கு, ஏறக்குறைய 2.8 மி.மீ. வயரை இழுக்கிறது. டிரெயிலியர் அதை 1.7 மடங்காக நகர்த்துகிறது. பெருக்கினால் 4.76, கசெட்டின் 4.8 இடைவெளிக்குச் சரி. ஷிமானோவின் ஏழு, எட்டு, ஒன்பது கியர் டிரெயிலியர்களில், பழைய டியூரா-ஏஸ் போன்ற சிலவற்றைத் தவிர, ரோட் மவுண்டன் பேதமில்லாமல் இந்த 1.7 பொதுவானது. பத்து கியர் மவுண்டன் டிரெயிலியருக்கும் பதினொரு கியர் ரோட் டிரெயிலியருக்கும் போனால் கணக்கு மாறிவிடும், கலக்கக் கூடாது. முன் டிரெயிலியர் விஷயம் வேறு. மவுண்டன் பைக் முன் டிரெயிலியர் ரோட் லீவரோடு ஒத்துவராது. அதனால் ஹேண்டிலில் பூட்டும் ஷிமானோ கிளாரிஸ் லீவர் சோடியோடு கிளாரிஸ் முன் டிரெயிலியரையும் மச்சாளிடம் சேர்த்துச் சொல்லிவிட்டேன், 28.6 மி.மீ. பட்டியோடு. பழைய இரும்புப் பிரேம்களின் சீட் குழாய் பெரும்பாலும் அந்த விட்டம்தான்.

கீழ்க்குழாய் லீவரையே வைத்திருக்கலாமே என்றார்கள். தட்டில்லாத அந்த லீவருக்கு எந்தக் கசெட்டும் எந்த டிரெயிலியரும் சம்மதம், பொருத்தத்தில் அதை அடிக்க ஒன்றும் இல்லை, அழகும் அதற்குத்தான். ஆனால் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையில் பிரைவேட் பஸ்ஸும் ஆட்டோவும் நெருக்கும்போது ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுத்துக் கீழே குனிவது எனக்குச் சரிப்படவில்லை. குமிழ்களில் லீவருக்குப் பதில் வயர் நிறுத்திகளைத் திருகினேன். அவற்றிலேயே வயரைச் சரிசெய்யும் குமிழும் உண்டு.

கிராங்க் சுகினோ, 52-42 பல்லுகள். ஐந்து போல்ட்டில் அடுத்தடுத்த இரண்டின் மையங்களுக்கு இடையே 76.4 மி.மீ. வந்தது. அதை 1.7-ஆல் பெருக்கினால் 130, போல்ட் வட்டத்தின் விட்டம். 130-இல் போடக்கூடிய மிகச் சிறிய பல்லு 38. ஆகவே 48-38 ஆக மாற்றினேன். கொழும்பு தட்டையான ஊர், 52 பல்லைச் சுற்றும் அளவுக்கு நமக்கு வெறும் வீதி எங்கே கிடைக்கிறது?

கிராங்க் ஏறும் சதுர அச்சுகளில் ஜப்பானிய அளவும் ஐரோப்பிய ஐஎஸ்ஓ அளவும் என்று இரண்டு உண்டு. சரிவு ஒன்றே, முனைத் தடிப்பு வேறு. கம்பக்னோலோ போன்ற ஐஎஸ்ஓ கிராங்கை ஜப்பானிய அச்சில் ஏற்றினால் 4.5 மி.மீ. அளவுக்கு வெளியே நின்றுவிடும். சுகினோ ஜப்பானிய அளவு, டாம் வீதியில் கிடைக்கும் கார்ட்ரிஜ்களும் அதுவே, கவலையில்லை. நீளம்தான் கேள்வி. ரோட் இரட்டைப் பல்லுக்குச் செயின் நேர்கோடு 43.5 மி.மீ., அதாவது பிரேமின் நடுவிலிருந்து இரண்டு முன் பல்லுகளின் நடுவுக்கு. சீட் குழாயின் பாதி 14.3. அதைக் கழித்தால் குழாயின் வெளிப்பரப்பிலிருந்து 29.2 மி.மீ. வர வேண்டும். 113 மி.மீ. அச்சைப் போட்டு அளந்தபோது 30.7 வந்தது. அச்சில் 3 மி.மீ. குறைத்தால் ஒரு பக்கத்துக்கு 1.5 குறையும், ஆகவே 110-ஐப் போட்டேன், சரியாக உட்கார்ந்தது. 38 பல்லுக்கும் பின் தண்டுக்கும் இடையில் போதிய இடைவெளியும் இருக்கிறது. பழைய அச்சின் நீளத்தை மட்டும் பார்த்துக் கார்ட்ரிஜ் வாங்க வேண்டாம், பழையவற்றில் பல வலப்பக்கம் நீண்டவை.

கசெட் 11-28: 11, 13, 15, 17, 19, 21, 24, 28. டிரெயிலியர் தாங்க வேண்டிய செயின் தொய்வு, முன் பல்லு வித்தியாசம் 10, பின் வித்தியாசம் 17, மொத்தம் 27. நீளக் கையுள்ள ஏசெராவுக்கு இது சர்வ சாதாரணம். செயினை டிரெயிலியர் வழியாக விடாமல் பெரிய பல்லு இரண்டின் மேலும் சுற்றிப் பார்த்து, சேரும் இடத்துக்கு மேல் இரண்டு கண்ணி கூட்டி வெட்டினேன். 11 பல்லில் செயின் பிரேமின் தண்டில் உரசுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். எனக்கு உரசவில்லை.

வயர் உறை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கியர் உறைக்குள் கம்பிகள் நீளவாட்டில் ஓடும், பிரேக் உறையில் சுருளாகச் சுற்றியிருக்கும். பிரேக் உறையைக் கியருக்குப் போட்டால் அது அமுங்கி அமுங்கித் தட்டுகள் பிசகும். மறுபக்கமாக, கியர் உறையைப் பிரேக்குக்குப் போடவே கூடாது, அழுத்தத்தில் பிளந்துவிடும். முனையை வெட்டிப் பார்த்தாலே எது எது என்று தெரியும், கடையில் நின்றபடியே பாருங்கள்.

இப்போது எட்டும் ஒரு தட்டுக்கு ஒரு பல்லு என்று சுத்தமாக ஏறி இறங்குகிறது. கடலோர மரைன் டிரைவில் ஓடிவிட்டு வந்தால் செயினைத் துடைத்து எண்ணெய் போடாமல் விடுவதில்லை. 12 முழுக் கண்ணிகள் புதிதில் சரியாக 12 அங்குலம். அது 1/16 அங்குலம் நீண்டதும் செயினை மாற்றினால் கசெட் தப்பும். கடுகண்ணாவை ஏற்றத்துக்குப் போகுமுன் 11-32 கசெட் ஒன்றைப் போட்டுப் பார்க்க நினைத்திருக்கிறேன். தொய்வுக் கணக்கு 31-தான் ஆகிறது, அதே டிரெயிலியர் போதும், செயினில் மட்டும் இன்னும் இரண்டு கண்ணி சேர்க்க வேண்டும்.